இடையில் நின்றுவிடாத ஒரு வோச்

மணிக்கூடு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் சனம் எத்தனை காலம் நிம்மதியாக வாழ்ந்தது! சுவரில் தொங்கினாலும் மணிக்கூடு, மேசையில் இருந்தாலும் மணிக்கூடு, கையில் கட்டினாலும் மணிக்கூடுதான். மிஞ்சினால் கைமணிக்கூடு என்போம். இந்த வெள்ளைக்காரர்தான் தொங்குவதற்கு ஒரு பெயர், கட்டுவதற்கு ஒரு பெயர் என்று பிரித்து வைத்து, பதினேழு வயதில் என் மானத்தை வாங்கினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வருகின்றன.

சண்டையால் கிளிநொச்சியில் வயலையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்து, வற்றாப்பளைப் பக்கம் ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். நான் சாதாரணதரப் பரீட்சையை எல்லாப் பாடமும் சேர்த்து இரண்டாவது தடவை எழுத இருந்தேன். முதல் தடவை மற்றப் பாடங்களிலெல்லாம் சித்தியடைந்து, கணிதத்தைக் கோட்டை விட்டிருந்தேன். அது எனக்குக் கணக்கு வராததால் அல்ல. இதை நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். மார்கழி மழை தகரக் கூரையில் கொட்டுகிறது. மண்டபத்தில் மணிக்கூடு இல்லை. மேற்பார்வையாளர் மண்டபத்தின் அந்தக் கோடித் தொங்கலில் நின்று நேரம் சொல்லியிருக்கிறார், இந்தத் தொங்கலில் இருந்த எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் ஒரு வட்டக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து தாளை இழுத்தது. இன்னும் மூன்று கணக்கு மிச்சம் இருந்தது. நான் தாளை விடவில்லை, அவரும் விடவில்லை, கடைசியில் ஒரு மூலை கிழிந்தது.

கணிதம் சித்தியடையாவிட்டால் உயர்தர வகுப்பு இல்லை. உயர்தரம் படிக்காவிட்டால் நான் ஆசிரியை ஆக முடியாது. ஆசிரியை ஆகாவிட்டால் நான் என்ன ஆவேன் என்பதை அம்மா ஏற்கெனவே தீர்மானித்திருந்தார்.

"இந்தமுறையும் கணக்கை விட்டியெண்டால் பேசாமல் தையலுக்குப் போ பிள்ளை," என்றார். "அங்கையும் அளவுதான். ஆனா ஒருத்தரும் கையிலை இருந்து பறிக்க மாட்டினம்."

எனக்கு ஊசியைக் கண்டாலே பிடிக்காது.

கையில் மணிக்கூடு இல்லாத ஊரா என்று கேட்பீர்கள். கையில் இருந்தது, ஓடவில்லை. வவுனியாவைத் தாண்டிப் பற்றறி வர ஆமிக்காரர் விடமாட்டார்கள். நின்றுபோன மணிக்கூட்டைக் காப்புப்போலக் கட்டிக்கொண்டு, "நேரம் என்ன?" என்று மற்றவரிடம் கேட்கும் சனமாக நாங்கள் இருந்தோம். கேட்டவுடன் பதிலும் வராது. "பழைய நேரமோ, புது நேரமோ?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னால் தள்ளி வைத்திருந்தது, எங்கள் பக்கம் ஒருவரும் தள்ளவில்லை. இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம். வீட்டில், கோயிலில், சந்தையில் பழைய நேரம். பரீட்சை மட்டும் புது நேரம். பரீட்சை எட்டரைக்குத் தொடங்கும் என்று தாளில் போட்டிருந்தால் எங்கள் வீட்டில் அப்போது எட்டு மணி.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில், புதுக்குடியிருப்பில் கந்தோர் வைத்திருந்த ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனம், பாடசாலைக்கு என்ன தேவை என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எங்கள் ஆங்கில ஆசிரியர் இடம்பெயர்ந்தபோது வேறு பக்கம் போய்விட்டார். எங்கள் பாடசாலை அதிபர் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, நீர்தானே இங்கிலீசிலை கெட்டிக்காரி. வாரும், ஒரு கடிதம் எழுதோணும்."

எனக்குத் தலை கால் தெரியவில்லை. நாற்பது பேருக்கு முன்னால் என்னை அல்லவா கூப்பிடுகிறார்! அதிபருடைய கதிரைக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்: கூரைக்குத் தறப்பாள் பத்து, கதிரை அறுபது. கடைசியில், "பரீட்சை மண்டபத்துக்கு ஒரு மணிக்கூடு. நல்லதாக் கேளும்," என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மணிக்கூட்டுக்கு ஆங்கிலத்தில் எனக்கு இரண்டு சொற்கள் தெரியும்: குளொக், வோச். இரண்டுக்கும் புத்தகத்தின் பின்னால் 'மணிக்கூடு' என்றுதான் போட்டிருந்தது. குளொக் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் பூனைப் படத்துக்குப் பக்கத்தில் வரும் சொல். ஒரு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் அப்படிச் சின்னப் பிள்ளைகளின் சொல்லைப் போடலாமா? வோச் என்பதில் ஒரு மிடுக்கு இருந்தது. போட்டேன். அதிபர் "நல்லதாக் கேளும்" என்று சொன்னாரே என்று அந்த மணிக்கூட்டுக்கு மட்டும் ஒரு முழுப் பந்தி எழுதினேன். அவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்.

பத்து நாளில் பதில் வந்தது. அந்த நிறுவனத்தின் மொழிபெயர்ப்பாளர் மோட்டார் சைக்கிளில் சேறு தெறிக்க வந்து இறங்கினார். அதிபருடைய கந்தோருக்கும் எங்கள் வகுப்புக்கும் இடையில் அரைச் சுவர்தான், எல்லாம் கேட்கும்.

"சேர், தறப்பாளும் கதிரையும் ஓம் எண்டிட்டினம். ஆனா அந்த ஆள் விசயம் சரிவராது."

"எந்த ஆள்?"

"வோச்சர். காவலுக்கு ஆள் போட எங்கடை நிறுவனத்துக்கு விதி இல்லை சேர். அதுவும் பரீட்சை மண்டபத்திலை."

"வோச்சரை ஆர் கேட்டது?" அதிபரின் குரல் உயர்ந்தது. "தம்பி, நான் மணிக்கூடெல்லோ கேட்டனான்!"

மொழிபெயர்ப்பாளர் சட்டைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, அந்த அருமையான பந்தியை வரி வரியாகத் தமிழில் வாசித்தார்.

"'எங்கள் பாடசாலையில் வோச் இல்லை. அதனால் மாணவர்கள் துன்பப்படுகிறார்கள். உறுதியான உடம்புள்ள ஒரு வோச் தந்துதவவும். அது பிள்ளைகளைப் பார்த்தபடி முன்னால் இருக்க வேண்டும். இரவு பகல் ஓட வேண்டும். இடையில் நின்றுவிடக் கூடாது. பழையது வேண்டாம்.' எங்கடை வெள்ளைக்கார மிஸ் இதை வாசிச்சிட்டு, பிள்ளையளுக்கு முன்னாலை இரவு பகலா ஓடுற ஆள் எதுக்கெண்டு என்னைக் கேக்கிறா!"

அரைச் சுவருக்கு இந்தப் பக்கம் வகுப்பு வெடித்தது. மேசையிலும் வாங்கிலும் அடித்து அடித்துச் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், நாயாற்றில் கடல் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை, என் உயிர்த் தோழி, அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வோச்சர்!" என்றாள். அந்த நிமிடத்திலிருந்து பாடசாலை முழுவதற்கும் நான் வோச்சர். உறுதியான உடம்பு என்று நான் எழுதியது மணிக்கூட்டின் கூட்டை. ஆனால் காற்றடித்தால் விழுகிற என் உடம்பைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

நான் அழவில்லை. எழும்பி நேரே கந்தோருக்குள் போனேன்.

"அண்ணை, வோச் எண்டால் மணிக்கூடுதானே? மனிசன் எங்கையிருந்து வந்தவர்?"

"மணிக்கூடுதான் தங்கச்சி, ஆனா கையிலை கட்டுறது. காவலுக்கும் அதே சொல்தான். ஒரு பள்ளிக்கூடம் முழுக்க ஒரு கைமணிக்கூடு கேக்குமோ? அதாலை காவலெண்டு நினைச்சிட்டினம். நீர் குளொக் எண்டு போட்டிருக்கோணும்."

மூன்றாம் வகுப்புச் சொல்! பூனைக்குப் பக்கத்துச் சொல்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமைகூட இல்லை. புதிதாகக் கடிதம் எழுதி, அது போய், பதில் வர நேரம் இல்லை. அடுத்த நாள் காலையே தோழியின் சைக்கிளில் இருவரும் புதுக்குடியிருப்புக்கு வெளிக்கிட்டோம். வழி முழுக்கச் சேறு. பாதித் தூரம் நாங்கள் சைக்கிளில் போனோம், பாதித் தூரம் சைக்கிளை நாங்கள் கொண்டுபோனோம். அவள் சைக்கிள் ஓடிக்கொண்டே கேட்டாள்: "அங்கை போய் என்னடி சொல்லப்போறாய்?" நான் வழி நெடுக ஆங்கில வசனம் கட்டிக்கொண்டே போனேன்.

கந்தோருக்குள் கால் வைத்ததும் அத்தனை வசனமும் பறந்துவிட்டன. ஏனென்றால் எதிர்ச் சுவரில் அது தொங்கியது. வட்டமாக, வெள்ளை முகத்தோடு, பெரிய கறுப்பு எழுத்தோடு, டிக் டிக் என்று ஓடிக்கொண்டு! அதன் கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி, "மிஸ், குளொக்! குளொக்! நோ மேன்!" என்று கத்தியேவிட்டேன்.

அவர் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு என் சேறு பூசிய பாவாடையைப் பார்த்தார். விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. தன் மணிக்கட்டைத் தட்டி, "வோச்," என்று தன்னை மட்டும் காட்டினார். சுவரைக் காட்டி, "குளொக்," என்று கையால் ஒரு பெரிய வட்டம் போட்டு எங்கள் எல்லாரையும் அதற்குள் சேர்த்தார். எனக்கு உடனே பிடிபட்டது. கட்டியவருக்கு மட்டும் நேரம் சொல்வது வோச். பார்க்கிற எல்லாருக்கும் சொல்வது குளொக். புத்தகத்தின் பின்னால் இப்படிப் போட்டிருந்தால் எனக்கு ஏன் இந்த அலைச்சல்?

ஆனால் கொடுக்க அவர்களிடம் வேறு குளொக் இல்லை. வெளியிலிருந்து எடுப்பிக்க அனுமதி வேண்டும், பற்றறிக்குத் தனி அனுமதி வேண்டும், மாதக் கணக்கில் ஆகும் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "பாப்பம்," என்றார். பாப்பம் என்றால் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

பரீட்சை தொடங்கியது. சமயம், தமிழ் எல்லாம் மணிக்கூடு இல்லாமலே எழுதினோம். கணித நாள் வந்தது. மண்டப வாசலில் நின்று சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டிருக்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மொழிபெயர்ப்பாளர்! பின்னால் துவாயில் சுற்றி வட்டமாக ஒரு சாமான்! கந்தோர்ச் சுவரில் தொங்கிய அதே குளொக்.

"மிஸ் கழட்டித் தந்தவா," என்றார். "பரீட்சை முடியத் திருப்பித் தரோணும்."

நான் துள்ளிய துள்ளலில் செருப்பு ஒன்று கழன்று போனது. தோழி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வந்திட்டுதடி! உன்ரை ஆள் வந்திட்டுது!" என்று கத்தினாள். குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கியதில் பற்றறி கழன்று அது நின்றுபோயிருந்தது. அவர் பற்றறியை அமர்த்திப் போட்டு, தன் கையைப் பார்த்து முள்ளைத் திருப்பி, கரும்பலகைக்கு மேலே ஆணியில் மாட்டினார். கடிதத்தில் கேட்டபடியே அது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு முன்னால் இருந்தது.

மேற்பார்வையாளர் வேறு பாடசாலையிலிருந்து வந்தவர், கண்டிப்பானவர். "இண்டைக்கு மணிக்கூடு இருக்குது. நான் நேரம் சொல்ல மாட்டன், பாத்து எழுதுங்கோ," என்று சொல்லிவிட்டு, தன் கைமணிக்கூட்டைப் பார்த்து மணியடித்தார். பிறகு குளொக்குக்கு முதுகைக் காட்டியபடி எங்களைப் பார்த்து உட்கார்ந்தார்.

பத்துக் கணக்கு, மூன்று மணித்தியாலம். எட்டரை தொடக்கம் பதினொன்றரை. ஒரு கணக்குக்குப் பதினைந்து நிமிடம், மிச்சம் திரும்பிப் பார்க்க. அதிபர் சாவி கொடுக்கும் தன் பழைய கைமணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்லிச் சொல்லி, அந்த வேகத்தில் எங்களைப் பழக்கியிருந்தார். தலையைக் குனிந்தவள் நாலு கணக்கும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தேன். வெளியே மழை பிடித்துவிட்டது, தறப்பாளில் படபடவென்று அடித்தது. அடிக்கட்டும்! எனக்கு இப்போது காது தேவையில்லை, கண் போதும். குளொக்கைப் பார்த்தேன். ஒன்பது மணி.

அரை மணித்தியாலத்தில் நாலு கணக்கு! உயர்தர வகுப்பில் எந்த வாங்கில் உட்காருவேன் என்றுகூட யோசித்துவிட்டேன். ஐந்தாவது கணக்கை வாசிக்கத் தொடங்கினேன், பேனை நகரவில்லை. ஏதோ இடித்தது. நான் கெட்டிக்காரிதான். ஆனால் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. நாலு கணக்குக்கு எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும், அது எத்தனை தரம் பார்த்த கணக்கு! அப்படியானால் இப்போது ஒன்பதரை. அப்படியானால் சுவரில்...

மொழிபெயர்ப்பாளர் முள்ளைத் திருப்பும்போது பார்த்தது தன் கையை. அந்தக் கையில் இருந்தது பழைய நேரம்.

ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கள் வீடுகளில் எட்டு மணிக்குத் தொடங்கும் பரீட்சை குளொக்கிலும் எட்டு மணிக்குத் தொடங்கியிருக்கிறது, யாருக்கு உறைக்கும்? ஆனால் எல்லாரும் பதினொன்றரை வரும் வரை எழுதலாம் என்று இருப்பார்கள். குளொக்கில் பதினொன்று ஆகும்போதே பின்னாலிருந்து கை வந்து தாளை இழுக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது சந்தோசம்தான். எனக்குத் தெரிந்துவிட்டது, நான் தப்பிவிட்டேன்! பேசாமல் எழுதினால் பத்துக் கணக்கும் முடியும். மண்டபத்தில் வாய் திறப்பதும் லேசான காரியம் அல்ல. முதல் நாளே ஒருவனைத் திரும்பிப் பார்த்ததற்காக எழுப்பி விட்டிருந்தார் அந்த மேற்பார்வையாளர். என்னையும் எழுப்பி விட்டால் தையல் வகுப்புத்தான். பேனையை எடுத்து இரண்டு வரி எழுதினேன். பிறகு பக்கத்து வரிசையைப் பார்த்தேன். தோழி பேனையால் தலையைச் சொறிந்துகொண்டு, அண்ணாந்து குளொக்கைப் பார்த்து, ஆறுதலாகச் சிரித்தாள். நேரம் தாராளமாக இருக்கிறது என்ற சிரிப்பு அது. அந்தக் குளொக்குக்காக அவள் என்னை ஏற்றிக்கொண்டு சேற்றில் சைக்கிள் உழக்கியிருந்தாள்.

நேரத்தை எனக்கு மட்டும் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. கையை உயர்த்தினேன். அவர் பார்க்கவில்லை. எழும்பி நின்றேன்.

"இரும்!" என்றார்.

"சேர்..."

"இரும் எண்டு சொன்னனான்! தாளை வாங்கிப்போடுவன்!"

மழைச் சத்தத்துக்கு மேலால் கத்தினேன். "சேர், உந்த மணிக்கூடு பழைய நேரமோ, புது நேரமோ?"

அறுபது பேனையும் நின்றன. அவர் என் தாளை வாங்கத்தான் எழும்பியவர். இரண்டடி வைத்துவிட்டு நின்று, தன் கையைப் பார்த்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். திரும்பவும் கையைப் பார்த்தார். தன் கதிரையைக் கரும்பலகைக்குக் கீழே இழுத்துப் போட்டு, ஏறி, முள்ளை ஒரு அரை வட்டம் தள்ளினார். "ஐயோ!" என்று மண்டபம் முழுக்க ஒரே குரல் எழுந்தது. கண் முன்னாலேயே அரை மணித்தியாலம் போய்விட்டது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், நானே அதைத் திருடி மடியில் கட்டிக்கொண்டதுபோல. பிறகு எல்லாத் தலையும் குனிந்தன. பேனைகள் ஓடிய ஓட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பத்தாவது கணக்கின் விடைக்குக் கீழே நான் இரண்டு கோடு போட்டபோது பதினொன்று இருபது. அந்த மிச்சப் பத்து நிமிடமும் நான் குளொக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

வெளியே வந்ததும் இரண்டு மூன்று பேர் என்னை ஏசினார்கள். தோழியும் ஏசினாள். "ஆறுதலாச் செய்துகொண்டிருந்தனான், அரை மணித்தியாலத்தைத் திண்டுபோட்டாயடி," என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

பெறுபேறு வர மாதங்கள் ஆகின. அதிபர் பட்டியலைக் கந்தோர்க் கதவில் ஒட்டினார். முண்டியடித்துப் போய்ப் பார்த்தேன். கணிதம், திறமைச் சித்தி! கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பிறகுதான் தோழியைத் தேடினேன். அவள் பட்டியலின் கீழ்ப் பக்கத்தில் விரலை வைத்தபடி அசையாமல் நின்றாள். சாதாரண சித்தி. மட்டு மட்டாகத் தப்பியிருக்கிறாள்.

"நீ கத்தினாப்பிறகு ஓடி ஓடிச் செய்த கடைசி ரெண்டு கணக்கும் இல்லாட்டி நான் இல்லையடி," என்றாள்.

அவளுடைய கண் கலங்கியிருந்தது. என் கையை எட்டிப் பிடித்தாள், மணிக்கூடு கட்டுகிற இடத்தில். பிடித்த கையை ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டு அழுகையோடு சிரித்தாள்.

"கடிதத்திலை கேட்ட வோச் வந்துதான் இருக்குது," என்றாள். "முன்னாலை நிண்டது, இடையிலை நிக்கேல்லை. உடம்புதான் உறுதி காணாது."